ஸ்கேனில் தெரிந்த சின்னப் புள்ளி... 'ஜீரோ நிலை' நுரையீரல் புற்றுநோய் என்றால் என்ன?

காய்ச்சல், இருமல் என்று வேறு ஏதோ காரணத்துக்காக சிடி ஸ்கேன் எடுக்கிறார் ஒருவர். ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ் நாட்யூல்' என்று ஒரு வரி. கூகுளில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. அன்றைக்கு இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. உண்மையில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? எவ்வளவு பயப்பட வேண்டும்?

பாசியும் ஆலங்கன்றும்

சுவரில் பாசி படர்ந்தால் சுவர் உடைவதில்லை. அதே சுவரில் ஆலங்கன்று முளைத்தால், வேர் உள்ளே இறங்கி சுவரையே பிளந்துவிடும். நுரையீரலிலும் இதே கதைதான்.

மாறிய செல்கள் காற்றறைகளின் சுவர் மேலேயே படர்ந்து, உள்ளே இறங்காமல் இருந்தால் அது ஊடுருவாத நிலை. மருத்துவப் பெயர், 'அடினோகார்சினோமா இன் சிட்டு'. அளவு 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ரத்தக் குழாயையோ நிணநீர்க் குழாயையோ இந்த செல்கள் தொடாததால், வேறு உறுப்புக்குப் பரவாது. அதனால்தான் இது 'ஜீரோ நிலை'. உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாட்டில் இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவே வைக்கப்பட்டுள்ளது.

அறிகுறி தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. வலி, மூச்சுத் திணறல் எதுவும் இருக்காது. சாதாரண எக்ஸ்ரேயிலும் சிக்குவது கடினம். சிடி ஸ்கேனில்தான் பனி படிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். புகையே பிடிக்காதவர்களுக்கும் இது வரலாம்.

மங்கல் தெரிந்தாலே புற்றுநோயா?

இல்லை. நோய்த்தொற்று, வீக்கம், லேசான ரத்தக்கசிவு இருந்தாலும் இப்படித் தெரியும். அவை பல நேரம் தானாகவே மறைந்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் உடனே கத்தியை எடுப்பதில்லை.

2017-ல் வெளியான ஃபிளைஷ்னர் சங்க வழிகாட்டுதல் என்ன சொல்கிறது?

• 6 மில்லிமீட்டருக்குக் குறைவான மங்கல் புள்ளி: பொதுவாகத் தொடர் ஸ்கேன் தேவையில்லை.
• 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல்: 6 முதல் 12 மாதத்துக்குள் மறு ஸ்கேன். மறையாவிட்டால் 2 ஆண்டுக்கு ஒருமுறை என 5 ஆண்டு வரை கண்காணிப்பு.
• மங்கலுக்குள் கெட்டியான பகுதி உருவாகி வளர்ந்தால்: உஷாராக வேண்டிய நேரம். வேர் இறங்குகிறதோ என்று சந்தேகிப்பார்கள்.

ஊசியில் எடுத்துப் பார்த்தால் தெரியாதா?

முழுசாகத் தெரியாது. பயாப்ஸி ஊசியில் வருவது கொஞ்சம் திசுதான். எங்குமே ஊடுருவவில்லை என்று உறுதி சொல்ல, கட்டி முழுவதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் 'ஜீரோ நிலை' என்பது அறுவை சிகிச்சைக்குப் பிறகே உறுதியாகும்.

சிகிச்சை என்ன?

நுரையீரலின் சிறு பகுதியை மட்டும் நீக்கினாலே பெரும்பாலும் போதும். கீமோதெரபி தேவைப்படாது. முழுமையாக நீக்கப்பட்டவர்கள் 5 ஆண்டுகளைக் கடந்து வாழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். மறுபக்கம், சில புள்ளிகள் ஆயுசு முழுக்க தொல்லையே தராத அளவுக்கு மெதுவாக வளரும். அவற்றை அவசரப்பட்டு வெட்டுவதும் நஷ்டம்தான்.

யார் ஸ்கேன் எடுக்கலாம்?

அமெரிக்காவில் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. அதிகம் புகைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. இப்போது அங்கே 50 முதல் 80 வயதுக்குள், தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்த அளவுள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. புகையை விட்டு 15 ஆண்டு ஆகாதவர்களும் இதில் அடக்கம்.

வீட்டில் செய்ய வேண்டியது

பழைய ஸ்கேன் சிடியையும் ஃபிலிமையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பும் புள்ளியாகத் தெரியலாம். அது புதுசா பழசா, வளர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்ல, டாக்டருக்கு அந்தப் பழைய படம்தான் முக்கிய சாட்சி. மறு ஸ்கேன் தேதியை மொபைலில் குறித்து வையுங்கள். உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் மறு ஸ்கேன் தேதி வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.