சாபம் வைரஸாக மாறிய கதை: அண்டர்வேர்ல்ட் எவலூஷன்

ரத்தக்காட்டேரி படம்னாலே சிலுவை, பூண்டு, புனித நீர் மூணும் வந்துடும். அண்டர்வேர்ல்ட் வரிசைப் படங்களில் இந்த மூன்றுக்கும் வேலையே இல்லை. அங்கே வாம்பயரும் ஓநாய் மனிதனும் பேய் கிடையாது, நோயாளிகள். 2006-ல் லென் வைஸ்மன் இயக்கத்தில் வந்த இரண்டாம் பாகமான 'எவலூஷன்' இந்த எண்ணத்தை வேர் வரைக்கும் தோண்டிப் பார்க்கிறது. (படம் பார்க்காதவங்க கவனிக்க: முடிவு வரைக்கும் சொல்லப்போறேன்.)

கதைப்படி, ஐந்தாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் ஒரு கொள்ளைநோய் வருகிறது. அதில் பிழைத்தவர் அலெக்சாண்டர் கோர்வினஸ். அவர் உடம்பில் அந்தக் கிருமி உருமாறி, அவரைச் சாகாதவராக ஆக்கிவிடுகிறது. அவருடைய பிள்ளைகளில் மார்கஸை வௌவால் கடிக்க அவன் முதல் வாம்பயர். வில்லியமை ஓநாய் கடிக்க அவன் முதல் ஓநாய் மனிதன். இன்னொரு மகன் சாதாரண மனிதனாகவே வாழ்ந்து போகிறான். அவன் வம்சத்தில் வந்தவன்தான் நாயகன் மைக்கேல்.

இந்த 'கோர்வினஸ்' பேர் சும்மா வைத்ததாகத் தெரியவில்லை. 1458 முதல் 1490 வரை ஹங்கேரியை ஆண்ட மத்தியாஸ் மன்னருக்கு கோர்வினஸ் என்றே பேர். அவர் குலச் சின்னம் மோதிரத்தைக் கவ்விய அண்டங்காக்கை. டிராகுலா என்ற பெயருக்குச் சொந்தக்காரரான விளாட்டை 1462-ல் பிடித்துச் சிறைவைத்ததும் இவரேதான். ஆனா கதையின் காலக்கணக்குதான் இடிக்குது. ஹங்கேரியர்கள் அந்த மண்ணுக்கு வந்து குடியேறியதே ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்!

கிருமி சமாச்சாரம் வெறும் சினிமாக் கற்பனையான்னு கேட்டா, முழுசா அப்படிச் சொல்லிட முடியாது. 1954-லேயே ரிச்சர்ட் மாத்திசன் தன் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் வாம்பயர் ஆவதற்கு ஒரு பாக்டீரியாவைக் காரணமாக வைத்துவிட்டார். 1998-ல் ஹுவான் கோமஸ் அலோன்சோ என்ற ஸ்பானிய நரம்பியல் மருத்துவர், வாம்பயர் கதைகளுக்குப் பின்னால் ரேபிஸ், அதாவது நம்ம வெறிநாய்க்கடி நோய், இருந்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கடித்தால் பரவும், தூக்கம் போய்விடும், வெளிச்சமும் கடுமையான வாசனையும் தாங்காது, கடிக்க வரும் வெறி. ஒப்பிட்டுப் பாருங்க, ரெண்டும் அப்படியே பொருந்தும். வௌவால், ஓநாய் ரெண்டுமே ரேபிஸைப் பரப்பக்கூடியவை. நிரூபிக்கப்பட்ட உண்மை இல்லை, ஊகம்தான். ஆனாலும் ஒரே கிருமியிலிருந்து இரண்டு இனம் என்ற படத்தின் கணக்குக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

நாம் பழங்கால ஐதீகம்னு நினைக்கிற சில விஷயங்கள் உண்மையில் சினிமா போட்ட விதிகள். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார். சூரிய ஒளி பட்டால் சாவு என்பதை நிலைக்க வைத்தது 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம். ஓநாய் மனிதனுக்கு வெள்ளிதான் எமன் என்பதை ஊரறியச் செய்தது 1941-ன் 'தி வுல்ஃப் மேன்'. இந்த விதிகளை எடுத்து, புற ஊதாத் தோட்டா, வெள்ளி நைட்ரேட் தோட்டா என்று ஆய்வுக்கூடச் சரக்காக மாற்றியதுதான் அண்டர்வேர்ல்ட்காரர்களின் கைவேலை.

சரி, சாபத்தை எடுத்துவிட்டு நோயை வைத்தால் என்ன மாறுகிறது? தீர்ப்பு மாறுகிறது. சபிக்கப்பட்ட பிசாசை மார்பில் முளை அடித்துக் கொன்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நோயாளியைக் கொல்ல முடியுமா? அதுவும் பெற்ற பிள்ளையை?

டெரெக் ஜேக்கபி நடித்த அலெக்சாண்டர் பாத்திரம் இங்கேதான் கனம் பெறுகிறது. நோயைப் பரப்புவது தன் பிள்ளைகள் என்று தெரிந்தும் அவரால் அவர்களைக் கொல்ல முடியவில்லை. ஒரு கப்பலில் ஆட்களை வைத்துக்கொண்டு, இரு இனமும் போடும் சண்டையின் தடயங்களை மனிதர் கண்ணில் படாமல் துடைத்துக்கொண்டே நூற்றாண்டுகளைக் கழிக்கிறார். வில்லன் மார்கஸின் வெறிக்கும் பாசம்தான் காரணம். 1202-ல் பிடிபட்டுச் சிறையில் கிடக்கும் தம்பியை மீட்க அலைகிறான். அந்தச் சிறையைக் கட்டியது நாயகி செலீனின் அப்பா. அந்த ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகவே அவள் குடும்பம் அழிக்கப்பட்டது. ஆக, இங்கே எல்லாருக்கும் பிரச்னை குடும்பம்தான்.

குறை எங்கேன்னா, படம் இந்தக் கேள்வியோட உட்கார மாட்டேங்குது. முதல் படத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 5 கோடி டாலர் பட்ஜெட். மலைப்பாதையில் லாரித் துரத்தல், இறக்கையாலேயே குத்திக் கொல்லும் மார்கஸ், கடைசியில் ஹெலிகாப்டர் விசிறியில் சிக்கி அவன் சிதறுவது என்று வேகம் குறைவதே இல்லை. சண்டைகள் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா எடுக்கவேண்டிய முடிவை, சாகும் தறுவாயில் அவர் கொடுத்த ரத்தத்தைக் குடித்த செலீனும், அவளோட மைக்கேலும் எடுத்து முடிக்கிறார்கள். அவர் கடைசிவரை பதில் சொல்லவேயில்லை.

2012-ல் வந்த 'அவேக்கனிங்' இதையே ஊர் அளவுக்குப் பெரிதாக்கியது. மனிதர்கள் இரு இனத்தையும் தொற்றுநோயாகப் பார்த்து வேட்டையாடுகிறார்கள். மருந்து தேடுவதாகச் சொல்லும் நிறுவனத்தை நடத்துவதே ஓநாய் மனிதர்கள்! அதையும் பார்க்கிறவங்க, சண்டைக்கு நடுவே ஒரு விஷயத்தைக் கவனிங்க: யாரை நோயாளி என்கிறார்கள், யாரை நோய் என்கிறார்கள். ரெண்டாவது பட்டியலில் பேர் விழுந்தவர்களைத்தான் சுடுகிறார்கள்.