சொல்ல இடமில்லாத பிள்ளைகள்



பிள்ளைக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் பெற்றோருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. வளாகத்திலேயே ஆலயம், ஆன்ம வழிகாட்டி, விடுதியில் கட்டுப்பாடு. ஆனால் அதே விடுதியில், செபமாலை சொல்லும், பாடற்குழுவில் பாடும் மாணவர் ஒருவர், தனக்குத் தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு இருப்பதை உணர்ந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் மருகிக்கொண்டிருக்கலாம். அவரைப் பற்றி இன்று சிந்திப்போம். இதையெல்லாம் மறையுரையில் பேசலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் பேசாவிட்டால் அவருக்குப் பதில் சொல்வது கைப்பேசிதான்.

திருஅவை என்ன கற்பிக்கிறது? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடு, 2357 முதல் 2359 வரையுள்ள எண்களில் இதைப் பேசுகிறது. ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உடலுறவைத் திருஅவை ஏற்பதில்லை. அதே மூச்சில், இந்த ஈர்ப்பு உடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஈர்ப்பு வேறு, செயல் வேறு. கற்புநெறியோ, திருமணமானவர் உட்பட திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் விடுக்கப்படும் அழைப்பு. முதல் பகுதி நம் எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த பகுதிதான் நினைவுக்கு வருவதில்லை.

இந்த மறதியின் விலையைக் கல்லூரிகளில் காணலாம். அமெரிக்காவில் பல கிறிஸ்தவக் கல்லூரிகளில், சேரும்போதே நடத்தை உறுதிமொழியில் மாணவர்கள் கையெழுத்திட வேண்டும். திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது என்பது அதில் இருக்கும். தடை செயலுக்குத்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, வாய் திறந்து சொல்வதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம். விடுதி அறை போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ? ஆகவே ஆன்ம வழிகாட்டியின் கதவைக்கூட அவர் தட்டுவதில்லை. விசுவாசத்தை விடுவது அல்லது தன்னை மறைப்பது, இந்த இரண்டு வழிதான் உண்டு என்று தனியாகவே முடிவு செய்துகொள்கிறார்.

திருச்சிலுவை சபையினர் 1842-இல் தொடங்கிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், இத்தகைய மாணவர்கள் ஒரு குழுவாக இயங்கப் பல ஆண்டுகள் அனுமதி கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1995-இல் வளாகத்தில் கூடுவதற்கே தடை வந்தது. இறுதியில், 2012 டிசம்பரில், தலைவர் அருள்பணி ஜான் ஜென்கின்ஸ் ஒரு மேய்ப்புப்பணித் திட்டத்தை ஏற்றார். மாணவர் அமைப்பு ஒன்றும், அதற்குப் பொறுப்பான ஆலோசகரும் கிடைத்தார்கள். அந்தத் திட்டம் திருஅவையின் போதனையை எங்கும் மாற்றவில்லை. கற்புநெறிக்கான அழைப்பும் அதிலேயே இருக்கிறது. போதனையைக் காப்பாற்ற மாணவரை ஒதுக்கத் தேவையில்லை என்று கண்டுகொள்ள இத்தனை காலம் ஆனது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலோ மாணவர்கள் 1980-இல் நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பு வர 1987 ஆகிவிட்டது. பேசித் தீர்க்க வேண்டியதை வழக்கறிஞர்கள் பேசினார்கள்!

எம்மாவு வழியில் ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். அந்தச் சீடர்கள் எருசலேமை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். இயேசு அவர்களை மறித்து நிறுத்தவில்லை, அவர்கள் போன திசையிலேயே கூட நடந்தார். முதலில் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். மறைநூலை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஆயர்களின் குழு 1997-இல் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே ஒரு மடல் வெளியிட்டது. என்றும் அவர்கள் நம் பிள்ளைகளே என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். உறவை முறிக்காதீர்கள், விரட்டாதீர்கள் என்று அது கேட்கிறது. வீட்டார் கைவிட்டதால் தெருவுக்கு வந்த பிள்ளைகளையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறது. அருள்பணியாளர்களிடமும் அது ஒன்று கேட்கிறது: இதைக் குறிக்கும் சொற்களை நேர்மையாக, சரியாகப் பயன்படுத்துங்கள். நம்மிடையே புழங்கும் சொற்களோ பெரும்பாலும் ஏச்சும் கேலியும்தான். தொலைக்காட்சி நகைச்சுவைக்கு நாம் சிரிக்கும்போது, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதைக் கேட்கிறது.

இளையோரே, இந்த ஈர்ப்பு இருப்பதே பாவம் அல்ல. அதனால் ஒப்புரவு அருளடையாளத்தில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு மாலை நேரம் பங்கு இல்லத்துக்கு வந்து, உட்கார்ந்து, சாதாரணமாகவே பேசலாம்.