வாளுக்குத் தப்பிய மொழி

ரோமாபுரி வீதியிலே வெற்றி ஊர்வலம்! ஆண்டு கி.மு. 46. ஜூலியஸ் சீசர் பவனி வருகிறான். விலங்கு பூட்டிய கைதி ஒருவன் ஊர்வலத்திலே காட்டப்படுகிறான். அவன்தான் வெர்சிங்கெட்டொரிக்ஸ். இன்று பிரான்சு என்கிறோமே, அந்தக் கௌல் நாட்டின் மாவீரன். கி.மு. 52-ல் அலேசியாவிலே சரணடைந்தவன். ஆறாண்டு சிறைவாசம். விழா முடிந்தது, அவன் உயிரையும் முடித்தார்கள்.

வீரன் வீழ்ந்தான், நாடு வீழ்ந்தது. மொழி வீழ்ந்ததா? இல்லை! வாள் மண்ணைப் பிடிக்கும், மணிமுடியைப் பறிக்கும். தாயின் தாலாட்டைப் பறிக்க வாளுக்குத் தெரியாது. அந்த வேலைக்கு ரோம் வேறோர் ஆயுதம் வைத்திருந்தது. அதன் பெயர் பள்ளிக்கூடம்!

கௌலிலே ஏடுயி என்றோர் இனம். மலைமேலிருந்த பிப்ராக்டே அவர்கள் தலைநகர். அது கைவிடப்பட்டது, சமவெளியிலே புதுநகர் எழுந்தது. ஆகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயரால் அதற்கு அகஸ்டோடூனம் என்று பெயர். கௌல் பிரபுக்களின் பிள்ளைகள் அங்கே ரோமானியக் கல்வி கற்றார்கள். கௌல் மொழி பேசாதே என்று ரோம் சட்டம் போட்டதாக வரலாற்றிலே காணோம். பின் ஏன் இலத்தீனை நாடினார்கள்? இலத்தீன் தெரிந்தவனுக்குப் பதவி, தெரியாதவனுக்கு வாசற்படி! அவ்வளவுதான்.

பெயர்கூட மாறிற்று. கி.பி. 21-ல் வரிச்சுமையும் கடன்சுமையும் தாளாமல் கௌலிலே கிளர்ச்சி வெடித்தது. தலைவர்கள் இருவர்: ஜூலியஸ் புளோரஸ், ஜூலியஸ் சாக்ரோவிர். ரோமை எதிர்த்த வீரர்கள்தான். ஆனால் ஜூலியஸ் என்பது யார் வீட்டுப் பெயர்? சீசர் வீட்டுப் பெயர்! சாக்ரோவிர் அகஸ்டோடூனத்தைப் பிடித்தான். அங்கே படித்த பிள்ளைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் இங்கிருந்தால் பெற்றோர் தன் பக்கம் வருவார்கள் என்பது அவன் கணக்கு. கணக்குத் தவறிற்று. படை தோற்றது, அவன் தன் கையாலேயே மாண்டான்.

கி.பி. 48-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி, கௌல் பிரபுக்களுக்கு செனட் சபையிலே இடம் வேண்டுமென்று பேசினான். அந்தப் பேச்சைப் பொறித்த வெண்கலத் தகடு 1528-ல் லியோன் நகரிலே கிடைத்தது. மாவீரன் விலங்கோடு நுழைந்த அதே ஊரிலே, நூறாண்டுக்குள், அவன் நாட்டுச் சீமான்களுக்கு ஆசனம்!

பிரிட்டனிலும் இதே வித்தைதான். கி.பி. 77 முதல் 84 வரை ஆளுநராயிருந்த அக்ரிகோலா, தலைவர்களின் மைந்தருக்குக் கல்வி கொடுத்தான். டோகா என்னும் ரோமானிய உடை வந்தது, குளியல் மண்டபம் வந்தது, விருந்து வந்தது. இதை எழுதி வைத்தவன் அவன் மருமகன் டாசிட்டஸ். அவர்கள் நாகரிகமென்று எண்ணி மகிழ்ந்ததை, அடிமைத்தனத்தின் ஓர் அங்கமென்றே கணித்தான் அந்த ரோமானியன்!

மாளிகையிலே மொழி மாறிற்று. பட்டறையிலே?

தெற்கு பிரான்சிலே லா கிரோஃபசாங்க் என்ற இடம். முதல் நூற்றாண்டிலே பெரும் மட்பாண்டச் சூளைகள் எரிந்த ஊர். ஒரே சூளையில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30,000 பாண்டங்கள்! கி.பி. 79-ல் எரிமலை மூடிய பொம்பேயி நகரிலே, தெற்குக் கௌல் பாண்டங்கள் பெட்டி பிரிக்காமலே கிடைத்தன. சூளையில் யார் எத்தனை பாண்டம் வைத்தார் என்ற கணக்கைத் தட்டுகளிலே கீறி வைத்தார்கள். எழுத்து ரோமுடையது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற எண்ணிக்கையோ கௌல் மொழியில்! பிரபுவின் மகன் செனட் கனவு கண்ட காலத்திலே, குயவன் தாய்மொழியிலே எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்படியிருந்தும் அந்த மொழி மாண்டதே, ஏன்? படையிலே அதற்கு இடமில்லை. வழக்குமன்றத்திலே இடமில்லை. வரிக் கணக்கிலே இடமில்லை. பிற்காலத்துத் தேவாலயத்திலும் இலத்தீன்தான். அடுப்பங்கரையிலும் வயற்காட்டிலும் சில நூற்றாண்டு தாக்குப்பிடித்து, ஆறாம் நூற்றாண்டு வாக்கிலே அடங்கிவிட்டது. கிரேக்கத்தையும் ரோம் வென்றதே! கிரேக்க மொழி சாகவில்லை. அதற்குப் பள்ளி இருந்தது, ஏடு இருந்தது. கிழக்கு மாகாணங்களிலே ஆட்சியே அம்மொழியில் நடந்தது. ரோமானியச் சீமான்களே பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார்கள்.

இன்றைய பிரெஞ்சு இலத்தீனின் மகள். அதிலே கௌல் சொற்கள் கொஞ்சம் உயிரோடிருக்கின்றன. எவை? ஓக் மரம், செம்மறி ஆடு, கலப்பைக் கொழு, சேறு! செனட்டுக்குப் போனவன் காத்த சொல் அல்ல இவை. உழவனும் இடையனும் காத்தவை.

வேலை இல்லாதவன் படும் பாடு தொழிலாளத் தோழர்களுக்குத் தெரியும். மொழியின் பாடும் அதுதான். அதை வெட்டிக் கொல்ல வேண்டியதில்லை. வேலை கொடுக்காமல் விட்டாலே போதும்!