பால்மரத்தின் தற்காப்பு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஆண்டுதோறும் வறட்சிக் காலத்தில் பால்மரங்கள் இலையுதிர்ந்து மீண்டும் துளிர்க்கின்றன. அவ்விளந்தளிர்களின் மீது ஒய்டியம் என்னும் பூசணம் வெண்துகள்போற் படர்வதை நாம் கண்டிருக்கின்றோம். தளிர் உதிர்ந்தால் பால் குறையும். பால்வெட்டுவோரின் வருவாயும் குறையும்.

பூசணத்தைச் சில மரங்கள் தாங்குவது எவ்வாறு? தாவர உயிரணுக்களிலுள்ள எதிர்ப்பு மரபணுக்கள் காவலாளியை ஒத்த புரதங்களை ஆக்குகின்றன. பூசணம் உட்செலுத்தும் பொருளை அப்புரதம் இனங்கண்டவுடன், தாக்குண்ட உயிரணு தானே மடிகின்றது. உயிருள்ள அணுவை உண்டு வாழும் பூசணம் உணவின்றி அங்கேயே முடங்குகின்றது. அண்டை அணுக்களின் சுவர்கள் தடிக்கின்றன. ஸ்கோபொலெட்டின் என்னும் தடுப்புப் பொருளும் பால்மர இலையில் உண்டாகின்றது.

எனினும், எல்லாப் பகைவரையும் அறிந்த காவலாளி இல்லை. கோரினெஸ்போரா என்னும் பூசணம் நஞ்சினால் இலையணுக்களைக் கொன்று, அவற்றையே உணவாக்கிக் கொள்வது. ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே இன மரங்கள் யாவும் ஒரே மரபணுக்களை உடையவை. ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழக்கூடும். இலங்கையில் 1980களில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் சிறந்த இனம் இந்நோய்க்கு இரையாகி, பெருமளவில் வேரோடு அகற்றப்பட்டது.

ஆதலின் மறுநடவின்போது ஒரே இனத்தை நம்பாது, நோய் தாங்கும் பல இனங்களைப் பிரித்து நடுவதே நமக்கு நலம் பயக்கும்.