சர்வர் எனும் உழைப்பாளி – 9: பின்கட்டில் நான்கு பேர்

ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு ஈடுகொடுக்க முடியுமா? 1999-ல் டான் கெகல் என்ற புரோகிராமர் எழுப்பிய கேள்வி இது. ஹார்டுவேர் தயாராக இருந்தது; திணறியது மென்பொருள்தான். இணைப்புக்கு ஒரு த்ரெட் (நிரல் ஓடும் தனி இழை) என்று ஒதுக்கினால், முக்கால்வாசி த்ரெட்கள் சும்மா காத்துக்கொண்டே நினைவகத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே த்ரெட் கவனிக்கும் வசதியை இயங்குதளங்களின் மையமான கெர்னல்கள் கொடுத்தன. ஃப்ரீபிஎஸ்டியில் 2000-ல் கேகியூ, லினக்ஸில் 2002-ல் ஈபோல். இவற்றின் பலத்தில் 2009-ல் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை (சுருக்கமாக நோட்) உருவாக்கினார்.

விண்டோஸில் சிக்கல். லினக்ஸ், "பார்சல் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லி அனுப்பும் தபால் நிலையம். விண்டோஸின் ஐஓசிபி, பார்சலை வீட்டிலேயே சேர்த்துவிட்டு, "சேர்த்தாயிற்று" என்று தகவல் சொல்லும். இந்த இரண்டையும் ஒரே நிரலால் கையாள வேண்டும். 2011-ல் மைக்ரோசாஃப்ட்டும் ஜாயண்ட் நிறுவனமும் கைகோத்து நோடை விண்டோஸுக்குக் கொண்டுபோனபோது, அதற்காகவே பிறந்தது லிப்யூவி. சி மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல நூலகம். பெர்ட் பெல்டர், பென் நோர்ட்ஹாய்ஸ் போன்றோரின் உழைப்பு அதில் ஏராளம். ஜூலியா மொழியும் நியோவிம் எடிட்டரும்கூட இன்று அதை நம்பியிருக்கின்றன.

"நோட் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நெட்வொர்க் வேலைக்கு அது பொருந்தும். ஃபைல்களுக்குப் பொருந்தாது. சாதாரண ஃபைல் ஒன்றைக் கவனிக்கச் சொன்னால் ஈபோல் 'அனுமதியில்லை' என்று பிழையைத் திருப்பிவிடும். அதனால் லிப்யூவி பின்கட்டில் இயல்பாகவே தனியாக நான்கு த்ரெட்களை வைத்திருக்கிறது. ஃபைல் படிப்பது, எழுதுவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. இணையப் பெயருக்கு முகவரி தேடும் வேலையும் பொதுவாக அங்கேதான் போகும். பாஸ்வேர்டை ஹேஷ் செய்யும் (மீட்க முடியாத குறியீடாக மாற்றும்) கனமான கணக்கையும் நோட் அவற்றிடமே தள்ளுகிறது.

நான்கு பேர் ஒரே சமயத்தில் லாகின் செய்தால் நான்கு த்ரெட்களும் ஹேஷ் கணக்கில் மூழ்கிவிடும். அந்த நொடியில் வேறொரு சர்வரின் முகவரியைத் தேட வேண்டியிருந்தால், அந்தத் தேடல் வரிசையில் நிற்கும். பிராசசர் பாதி சும்மாகூட இருக்கலாம். ஆனாலும் தளம் மந்தமாகும். காரணம் தெரியாமல் புரோகிராமர்கள் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருப்பார்கள். இந்த த்ரெட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் யூவி_த்ரெட்பூல்_சைஸ் என்ற சூழல் மாறியைக் கூட்டினால் பல நேரம் நெரிசல் தீரும்; 1024 வரை போகலாம். இவ்வளவு எளிய தீர்வு இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

லினக்ஸின் புதிய ஐஓ_யூரிங் வசதி ஃபைல் வேலையையும் கெர்னலிடமே ஒப்படைக்க வழிசெய்கிறது. 2023-ல் லிப்யூவி அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு புராசஸ் தன் அதிகாரங்களைத் துறந்த பிறகும், ஐஓ_யூரிங் வழியாகப் போகும் வேலைகள் பழைய அதிகாரத்தோடே நடக்கக்கூடும் என்று தெரியவந்தது. 2024 பிப்ரவரியில் நோட் குழு அதை அணைத்துவைத்தது. ஃபைல் வேலை மறுபடியும் த்ரெட்களிடமே வந்து சேர்ந்தது.