உடற்கல்வி வகுப்பில் கைப்பட்டியும் செயலியும்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

தாயகத்தில் படித்த எமக்கு உடற்கல்வி என்றால் மைதானமும் விசிலும்தான். வருடத்தில் ஒரு தடவை இல்ல விளையாட்டுப் போட்டி. வேகமாக ஓடியவர்கள் கிண்ணம் வாங்கினார்கள், மற்றவர்கள் இல்லத்துக் கொட்டகையில் இருந்து கைதட்டினோம். அமெரிக்காவில் எமது பிள்ளைகளுக்கு இப்பாடம் வேறு விதமாக நடக்கிறது. இதயத் துடிப்பை அளக்கும் கைப்பட்டி, புள்ளிகளைப் பதியும் மென்பொருள், சுகாதாரப் பாடத்துக்கு ஒரு செயலி எனப் பலவும் பாடசாலைகளுக்குள் வந்துவிட்டன. கூடவே, பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவங்களும் வீட்டுக்கு வருகின்றன.

இப்படிவங்கள் விடயத்தில் எம்மவர் இரண்டு விதம். சிலர் வாசிக்காமலே கையொப்பம் வைக்கிறார்கள். வேறு சிலர் ஒன்றும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டில் இருப்போரின் பெயர்களை ஆயுதம் ஏந்தியவர்களிடம் பதிந்து வாழ்ந்த மக்களுக்குப் பதிவு என்ற சொல்லே அச்சம் தருவது இயல்பு. ஆனால் எதை அளக்கிறார்கள், அது எங்கே போகிறது, எமக்கு என்ன உரிமை உண்டு என்று தெரிந்துகொண்டால் அச்சமும் தேவையில்லை, அசட்டையும் தேவையில்லை.

முதலில் அளவீடு. ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் உள்ள கூப்பர் நிறுவகம் 1982இல் 'பிற்னஸ்கிராம்' என்ற முறையை உருவாக்கியது. மாணவரின் உடற்தகுதியைக் கணினி அறிக்கையாகப் பெற்றோருக்கு அனுப்புவதே அதன் நோக்கம். இதில் முக்கியமானது 20 மீற்றர் தூரத்தை ஒலி கேட்கும்போதெல்லாம் ஓடிக் கடக்கும் சோதனை. போகப்போக ஒலியின் இடைவெளி குறையும். இங்கே முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. அந்த வயதுக்குரிய ஆரோக்கிய எல்லைக்குள் பிள்ளை நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ரெக்சாஸில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளில் வருடாந்த உடற்தகுதி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியாவில் 5, 7, 9ஆம் வகுப்புகளில் இது நடக்கிறது. நியூஜேர்சிச் சட்டம் சுகாதாரம், பாதுகாப்பு, உடற்கல்வி மூன்றுக்குமாக வாரம் இரண்டரை மணித்தியாலம் ஒதுக்கச் சொல்கிறது.

அடுத்தது கைப்பட்டி. அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தால் அந்த ஒளி எவ்வளவு மாறித் திரும்புகிறது என்பதைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. இலினோய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரில் பில் லோலர் என்ற உடற்கல்வி ஆசிரியர் துடிப்புமானிகளை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அன்றைய கருவிகள் நெஞ்சில் பட்டியாகக் கட்டப்பட்டவை. மெதுவாக ஓடிய ஒரு மாணவியின் அளவைப் பார்த்தபோது, அவளது இதயம் உச்ச எல்லைக்கு அருகில் உழைத்திருந்தது தெரிந்தது. மணிக்கூடு அவளைச் சோம்பேறி என்றிருக்கும். துடிப்புமானி அவளது முயற்சியைக் காட்டியது. கொட்டகையில் இருந்து கைதட்டிய பிள்ளைக்கும் புள்ளி கிடைக்கச் செய்தது இந்தத் தொழில்நுட்பத்தின் நல்ல பக்கம்.

ஆனால் அளப்பதெல்லாம் பயன் தருவதில்லை. கலிபோர்னியாவில் 79 பாடசாலைகளில் 28,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரின் உயரம், நிறையை அளந்து பி.எம்.ஐ. அறிக்கையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினரை அளந்தார்கள், அறிக்கை அனுப்பவில்லை. மூன்றாம் பகுதியினரை அளக்கவே இல்லை. அறிக்கை வீட்டுக்குப் போனதால் பிள்ளைகளின் நிறையில் மாற்றம் ஏற்படவில்லை. மாறாக, அளக்கப்பட்ட பிள்ளைகளிடம் தமது உடல் பற்றிய அதிருப்தி கூடியது. 2021-22 கல்வியாண்டில் இருந்து கலிபோர்னியா மாநிலச் சோதனையில் உடற்பருமன் அளவீடு இல்லை.

கணக்கு வேலை செய்கிறவன் என்ற வகையில் எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு நாள் நிலுவையை வைத்து ஒரு கடையின் இலாப நட்டத்தைச் சொல்ல முடியாது. வருடாவருடம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

எமது சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெற்காசியர்களுக்கு மெலிந்த தோற்றத்திலேயே நீரிழிவும் இதய நோயும் வருகின்றன. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், வேறு ஆபத்துக் காரணிகள் இருக்கும் வளர்ந்தோரைப் பரிசோதிக்க வைத்திருக்கும் பி.எம்.ஐ. 25 என்ற எல்லையை ஆசிய வம்சாவளியினருக்கு 23 ஆகக் குறைத்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மவுண்டன் வியூ எல் கமினோ மருத்துவமனையில் தெற்காசிய இதய மையம் இயங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே பாடசாலை அறிக்கை 'நலம்' என்று சொன்னாலும், தாய் தந்தைக்கோ பேரன் பேர்த்திக்கோ நீரிழிவு இருந்தால் அதைப் பிள்ளையின் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாடசாலைக் கருவிக்கு உங்கள் குடும்ப வரலாறு தெரியாது.

இனி உரிமைகள். பாடசாலை வைத்திருக்கும் இப்பதிவுகளுக்கு வைத்தியசாலைத் தகவல்களைக் காக்கும் 'ஹிப்பா' சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. அவை 1974ஆம் ஆண்டின் 'பெர்பா' சட்டத்துக்குள் வருகின்றன. அதன்படி பிள்ளையின் பதிவைப் பெற்றோர் பார்க்கக் கேட்டால் பாடசாலை 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். பிள்ளைக்கு 18 வயதானதும் இவ்வுரிமை பிள்ளைக்கே போய்விடும். ரெக்சாஸில் வருட முடிவில் உடற்தகுதி முடிவை எழுத்தில் கேட்டுப் பெறலாம். ஆனால் வீட்டில் நாமே வாங்கிய கைக்கடிகாரமும், நாமே கைபேசியில் இறக்கிய செயலியும் பெர்பாவுக்குள் வராது. அங்கே எம்மைக் கட்டுப்படுத்துவது அந்த நிறுவனத்தின் நிபந்தனைகள்தான்.

எனவே அடுத்த படிவம் வரும்போது நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். எதை அளக்கிறீர்கள்? எந்த நிறுவனத்தின் மென்பொருளில் பதிகிறீர்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? கைப்பட்டி அணியாவிட்டால் பிள்ளையின் புள்ளி குறையுமா? ஆங்கிலம் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பொதுப் பாடசாலைகள் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் தொடர்புகொள்ளக் கடமைப்பட்டவை. பதிலை வாசித்த பின் கையொப்பமிடுவதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். அம்முடிவைப் பிள்ளையோடும் பேசுங்கள். அளக்கப்படுவது அவர்களுடைய உடல்.