சம்பளம் கிடையாது, கிரெடிட் உண்டு: அமெரிக்க அரசு அலுவலகங்களில் சட்ட மாணவர்கள் ஏன் இலவசமாக வேலை பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் ஒரு மாணவி. வாரத்தில் இரண்டு நாள் அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போகிறார். வழக்குக் கோப்புகளைப் படிக்கிறார், பழைய தீர்ப்புகளைத் தேடி எடுக்கிறார், அரசு வழக்கறிஞருக்கு மனுவின் முதல் வரைவை எழுதிக் கொடுக்கிறார். சம்பளம்? ஒரு டாலர்கூட கிடையாது. இன்னும் சொல்லப்போனால், இந்த வேலைக்காக அவர்தான் கல்லூரிக்குக் காசு கட்டுகிறார்!

கேட்கவே விசித்திரமா இருக்கா? ஆனால் அங்கே இது வழக்கமான நடைமுறை. இதற்குப் பெயர் எக்ஸ்டர்ன்ஷிப். அரசே சம்பளம் தராமல் வேலை வாங்கலாமா? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

எக்ஸ்டர்ன்ஷிப், இன்டர்ன்ஷிப்: என்ன வித்தியாசம்?

இரண்டுமே பயிற்சிதான். ஆனால் எக்ஸ்டர்ன்ஷிப் என்பது படிப்பின் ஒரு பகுதி. கல்லூரி அதற்கு கிரெடிட் தரும். மாணவரை ஒரு பேராசிரியர் கண்காணிப்பார். செய்த வேலையைப் பற்றி மாணவர் எழுதித் தர வேண்டும், பெரும்பாலும் தனி வகுப்பும் இருக்கும்.

அமெரிக்க சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு அமெரிக்கன் பார் அசோசியேஷன். பட்டம் வாங்க, செய்முறைப் பயிற்சியில் குறைந்தது 6 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த கிரெடிட்டைச் சேர்க்க உள்ள வழிகளில் ஒன்றுதான் எக்ஸ்டர்ன்ஷிப்.

அரசு இலவசமாக வேலை வாங்கலாமா?

சுவாரஸ்யமே இங்கேதான். யாரிடமும் இலவசமாக வேலை வாங்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசுக்கு 1884-லேயே தடை போட்டுவிட்டார்கள். காரணம், ஊழியர் மீது இருந்த கரிசனம் இல்லை. நிதி ஒதுக்கீடே இல்லாமல் துறைகள் கூடுதல் வேலை வாங்கிவிடும். வேலை பார்த்தவர்கள் பிறகு நாடாளுமன்றத்திடம் வந்து, எங்களுக்குச் சேர வேண்டிய பணம் எங்கே என்று நிற்பார்கள். அந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான் இந்தத் தடை. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

அப்போ மாணவர்கள் மட்டும் எப்படி? 1978-ல் வந்த சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டம் அவர்களுக்கு விலக்கு கொடுத்தது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு:

- மாணவர் குறைந்தது பாதி நேர மாணவராகவாவது கல்லூரியில் பதிவு செய்திருக்க வேண்டும்.
- கல்லூரியின் அனுமதி வேண்டும்.
- வேலை, கல்வி அனுபவம் தருவதாக இருக்க வேண்டும்.
- ஏற்கெனவே உள்ள ஊழியர் யாருடைய வேலையும் இதனால் பறிபோகக் கூடாது.

இப்படிச் சேரும் மாணவர், சட்டத்தின் பார்வையில் அரசு ஊழியர் இல்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறுவது போன்ற சில விஷயங்களுக்கு மட்டும்தான் அவரை ஊழியராகக் கணக்கில் எடுப்பார்கள்.

சம்பளம் தரவே கூடாது என்று சட்டம் இருக்கா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். கிரெடிட்டும் வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது உண்மை. அதை அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2016-ல் நீக்கிவிட்டது. இப்போது அது அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

அரசுத் தரப்பிலும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க நீதித்துறை, சம்பளம் இல்லாத தன்னார்வ சட்டப் பயிற்சியோடு, கடும் போட்டி உள்ள சம்பளத்துடன் கூடிய கோடைகாலப் பயிற்சியையும் நடத்தி வந்திருக்கிறது. வெள்ளை மாளிகைப் பயிற்சி பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல்தான் இருந்தது. நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியதும், 2022-ல் வாரம் 750 டாலர் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக, பணம் ஒதுக்கினால் கொடுக்க முடியும். ஒதுக்குவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

மாணவருக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

ஒரு சின்ன கணக்கு. ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 42.5 மணி நேர உழைப்பு வேண்டும். 5 கிரெடிட் என்றால் சுமார் 212 மணி நேரம். 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 15 மணி நேரம்.

ஒரு கிரெடிட்டுக்கு 2,000 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 5 கிரெடிட்டுக்கு 10,000 டாலர். "வகுப்பில் உட்கார்ந்து படித்தாலும் இதே கட்டணம்தானே, கண்காணிக்கிற பேராசிரியருக்கும் செலவு இருக்கே" என்று கல்லூரிகள் சொல்லலாம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்ததும் மாணவர் பகுதி நேர வேலைக்குப் போகலாம். அந்த நேரத்தைத்தான் எக்ஸ்டர்ன்ஷிப் எடுத்துக்கொள்கிறது. கோடை விடுமுறையில் வாஷிங்டன் போய்த் தங்குவதென்றால் வாடகையும் சாப்பாடும் தனி.

அப்புறம் ஏன் போறாங்க?

ஏனென்றால் அங்கே கிடைப்பது வகுப்பில் கிடைக்காது. சாட்சியை எப்படி விசாரிக்கிறார்கள், எந்த வழக்கை நடத்துவது, எதைச் சமரசத்தில் முடிப்பது என்று அரசு வழக்கறிஞர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். எழுதிய மனுவில் சீனியர் போடும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பாடம். நாளைக்கு வேலை தேடும்போது அவருடைய பரிந்துரைக் கடிதமும் கைகொடுக்கும்.

சிக்கலும் இதே இடத்தில்தான். அரசு வழக்கறிஞர் வேலைக்குப் போக இந்த அனுபவம் பெரிய பலம். ஆனால் வீட்டில் வசதி இருப்பவர்தான் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும். கல்விக் கடனில் படிப்பவர் அந்த வாய்ப்பை விட்டுவிட்டுச் சம்பளம் வரும் வேலைக்குப் போய்விடுகிறார். சாமானியர்களின் வழக்கைக் கையாள வேண்டிய அலுவலகத்துக்குள் சாமானிய வீட்டுப் பிள்ளைகள் நுழைவது கஷ்டமாகிறது.

இதைச் சரிக்கட்ட சில வழிகள் உண்டு. பல கல்லூரிகளில் பொதுநலப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறார்கள். மாணவர் அமைப்புகளே ஏலம் நடத்தி நிதி திரட்டுவதும் உண்டு. ஆனால் கேட்கிற எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது.

இந்தியாவில் இருந்து போகிற மாணவர்கள் சேரலாமா?

கவனமாக இருக்க வேண்டும். பல மத்திய அரசு அலுவலகங்களில் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள், பின்னணி விசாரணையும் நடக்கும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு, படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான அனுமதி பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான் கிடைக்கும். ஓராண்டு எல்.எல்.எம். படிப்பவர்களுக்கு இது பெரிய தடை. "சம்பளம்தான் இல்லையே, அனுமதி எதற்கு?" என்று நினைத்துவிடக் கூடாது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் சேரவே கூடாது.

நம்ம ஊரில் எப்படி?

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி, மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். பயிற்சி கட்டாயம் என்கிற அந்த விதி, சம்பளம் கட்டாயம் என்று சொல்லவில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அது பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கானது, மாணவர்களுக்கு அல்ல.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

எந்த ஊராக இருந்தாலும் நாலு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. என் வேலையைத் திருத்திச் சொல்லித்தரப் போகிறவர் யார்? எழுதும் வேலை கிடைக்குமா, ஜெராக்ஸ் எடுக்கும் வேலைதானா? வாரம் எத்தனை மணி நேரம்? உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம்?

முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், அங்கே கிடைக்கப்போவது பயிற்சி இல்லை. சம்பளம் இல்லாத வேலை மட்டும்தான்.